ஒரே ஏட்டில் இருவர் எழுதினால்...

மழைக்காலத்தில் ஒரு நாள் திருப்போரூர் கந்தசுவாமி கோயில் குளத்தின் படியில் நின்று பாருங்கள். தூறல் தொடங்கும் அந்த முதல் சில நிமிடங்கள் இயற்பியல் ஆசிரியர்களுக்கு மிகவும் பிடித்தமானவை. இங்கே ஒரு துளி விழுகிறது. வட்ட வட்டமாக அலை பரவுகிறது. சற்றுத் தள்ளி இன்னொரு துளி. அதன் அலையும் பரவுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் என்ன நிகழ்கிறது? ஓர் அலை மற்றதை அழித்து விடுவதில்லை. சந்திக்கும் கணத்தில் இரண்டின் இடப்பெயர்ச்சிகளும் கூட்டப்படுகின்றன. பிறகு ஒன்றுமே நடவாதது போல் ஒன்றையொன்று கடந்து தத்தம் வழியே செல்கின்றன. மேற்பொருந்துதல் தத்துவம் என்று இதைப் பாடநூலில் படித்திருப்பீர்கள்.

கணிப்பொறியில் உள்ள கோப்பு இந்தக் குளத்தைப் போன்றதன்று. அதில் இருவர் எழுதினால் இரண்டு எழுத்தும் கூடி நிற்பதில்லை. பின்னால் எழுதியவருடையது நிற்கும். முன்னால் எழுதியவருடையது சுவடின்றி மறையும். மறைந்தது என்ற செய்திகூட எவருக்கும் தெரியாது. இதை நான் நூலில் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. என் கையாலேயே செய்து தெரிந்து கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணிபுரியும் கல்லூரியில், எங்கள் துறையின் செய்முறைத் தேர்வு மதிப்பெண்களை ஒரு விரிதாளில் பதிந்து வந்தோம். விரிதாள் என்பது எக்செல் போன்ற மென்பொருளில் நாம் உருவாக்கும் கட்டங்கள் நிறைந்த ஏடு. அணிகள் பாடத்தில் வருவது போலவே இதற்கும் நிரைகள், நிரல்கள் உண்டு. ஒவ்வொரு நிரையும் ஒரு மாணவர். ஒவ்வொரு நிரலும் ஒரு சோதனை. துறைக் கணிப்பொறியில் இருந்த அந்த ஒரே கோப்பை நாங்கள் நான்கு பேர் பயன்படுத்தினோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு அந்தக் கோப்பைப் பென் டிரைவில் நகலெடுத்துக் கொண்டு திருப்போரூருக்குப் பேருந்து ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அமர்ந்து, ஒளியியல் சோதனைகளின் மதிப்பெண்களைப் பொறுமையாக நிரப்பினேன். இடையில் சனிக்கிழமை 11 மணிக்கு என் சக ஆசிரியர் ஒருவர் கல்லூரியில் அதே கோப்பைத் திறந்திருக்கிறார். மின்னியல் சோதனைக்கு முன்பு வராதிருந்த மூன்று மாணவிகள் அன்று வந்து சோதனையைச் செய்து முடித்தனர். அந்த மூவருக்கும் 'வரவில்லை' என்று இருந்த இடத்தில் மதிப்பெண்ணை எழுதிச் சேமித்துவிட்டுப் போய்விட்டார். திங்கள் காலை 9 மணிக்கு நான் என் நகலைத் துறைக் கணிப்பொறியில் ஒட்டினேன். 'இதே பெயரில் ஏற்கனவே ஒரு கோப்பு உள்ளது, மாற்றி வைக்கவா?' என்று கணிப்பொறி கேட்டது. கேட்கும் போதெல்லாம் 'ஆம்' என்று சொல்லிப் பழகிய விரல், அன்றும் 'ஆம்' என்றது.

என்ன நடந்தது என்று விளங்குகிறதா? என் நகல் வெள்ளிக்கிழமையின் நிலையைக் கொண்டது. ஒளியியல் நிரல் மட்டுமே அதில் புதியது. மின்னியல் நிரலில் அந்த மூவரும் இன்னமும் 'வரவில்லை'. சனிக்கிழமை உலகில் நடந்த ஒரு செயலை, திங்கட்கிழமை நான் நடவாததாக்கி விட்டேன். ஏடு காலியாக இருந்திருந்தால் உடனே எவரேனும் கண்டுபிடித்திருப்பர். ஏடு நிறைந்திருந்தது, பார்க்கச் சரியாகவும் இருந்தது. ஆபத்து அதில்தான் இருந்தது.

ஒன்பது நாட்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்று பிற்பகல் ஒரு மாணவி துறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், எனக்கு ஆப்சென்ட்னு போட்டிருக்கு. நான் வந்தேன் சார். முழுசா செஞ்சு முடிச்சேன்."

மதிப்பெண்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப அன்று மாலை 5 மணிதான் கடைசி. செய்முறைத் தேர்வுக்கு வராதவர் என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் அந்தத் தாளில் தேர்ச்சி இல்லை. அடுத்த ஆண்டு திரும்ப எழுத வேண்டும். கணிப்பொறியில் தேடினோம். பழைய கோப்பின் மேல் அதே பெயருடைய புதிய கோப்பை வைத்தால், பழையது குப்பைத் தொட்டிக்குக்கூடப் போவதில்லை. நேரே அழிந்து போகிறது. ஆகவே அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. காப்பாற்றியது அந்தப் பெண்ணின் பதிவேடுதான். மீட்டர் பாலச் சோதனையின் அடியில் சனிக்கிழமைத் தேதியுடன் என் நண்பரின் கையொப்பம் இருந்தது. மற்ற இருவரின் பதிவேடுகளையும் விடுதியிலிருந்து வரவழைத்தோம். மணி 4.40க்குப் பட்டியல் திருத்தப்பட்டது. அவள் வந்து கேட்காமல், 'நமக்கு விதித்தது இவ்வளவுதான்' என்று வீட்டுக்குப் போயிருந்தால்? அதை எண்ணினால் இன்றும் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

தொலைந்த திருத்தம்

எனக்கு நேர்ந்தது புதுமையான விபத்தன்று. கணிப்பொறி அறிவியலில் இதற்குத் 'தொலைந்த திருத்தம்' என்று பெயரே உண்டு. இதன் உள்ளமைப்பு மிக எளியது. படித்தல், மாற்றுதல், எழுதுதல் என்று மூன்று படிகள். முதலாமவர் படித்த பிறகும் எழுதுவதற்கு முன்பும் உள்ள இடைவெளியில் இரண்டாமவர் எழுதிவிட்டால், முதலாமவர் கையில் இருப்பது பழைய சரக்கு. அவர் அதை எழுதும்போது இரண்டாமவரின் வேலை அழிகிறது. என் விஷயத்தில் அந்த இடைவெளி இரண்டரை நாட்களுக்கும் மேல். வேறு சில இடங்களில் அது ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்காகவும் இருக்கலாம். கால அளவு மாறுகிறதே தவிர, கதை ஒன்றேதான்.

நம் நாட்டில் இந்தச் சிக்கலைப் பெரிய அளவில் எதிர்கொண்டு தீர்த்தவர்கள் ரயில்வே துறையினர். இன்றைய மாணவர்களாகிய நீங்கள் பார்த்திராத ஒரு காட்சியைச் சொல்கிறேன். முன்பெல்லாம் ரயிலில் படுக்கை இடம் பதிவு செய்ய, நிலையத்தில் அந்தந்த ரயிலுக்கென்று தனிச் சாளரம் இருக்கும். அந்த ரயிலின் பதிவேடு அந்தச் சாளரத்தில் மட்டுமே இருக்கும். பக்கத்துச் சாளரம் வெறிச்சோடிக் கிடந்தாலும் உங்கள் ரயிலுக்கு உரிய நீண்ட வரிசையில்தான் நீங்கள் நிற்க வேண்டும். இதைப் பலரும் நிருவாகக் கோளாறு என்று திட்டியதுண்டு. ஆனால் அதில் ஒரு நன்மையும் இருந்தது. ஏடு ஒன்று, எழுதுகிறவரும் ஒருவர். ஆகவே ஒரே இடத்தை இருவருக்கு விற்கும் தவறு பெரும்பாலும் நேராது.

1985 நவம்பரில் புதுடெல்லியில் கணிப்பொறி முன்பதிவு சோதனை முறையில் தொடங்கிற்று. எந்தச் சாளரத்திலும் எந்த ரயிலுக்கும் சீட்டு வாங்கலாம் என்பதே அதன் பெருமை. உடனே நம் பழைய பகைவன் தலைகாட்டுகிறான். ஒரு ரயிலில் ஒரே ஓர் இடம் மீதியிருக்கிறது என்று கொள்வோம். முதல் சாளரத்து எழுத்தர் 'எத்தனை இடம் உள்ளது?' என்று கேட்கிறார்; 'ஒன்று' என்கிறது கணிப்பொறி. அதே நேரத்தில் ஏழாம் சாளரத்து எழுத்தரும் கேட்கிறார். அவருக்கும் 'ஒன்று' என்கிறது. முதலாமவர் சீட்டை விற்றுச் சுழியம் என்று எழுதுகிறார். ஏழாமவரும் விற்றுச் சுழியம் என்று எழுதுகிறார். கணக்குப் பார்த்தால் எல்லாம் சரி! மீதி சுழியம்தான். ஆனால் ஒரு படுக்கைக்கு இரண்டு பயணிகள். நள்ளிரவில் அவர்களுக்கிடையே நடக்கும் வாக்குவாதத்தை நீங்களே கற்பனை செய்து கொள்ளலாம்.

ஆகவே, ஒருவர் படித்து எழுதி முடிக்கும்வரை மற்றவர் அந்த இடத்தைத் தொடமுடியாதபடி பூட்டிவைக்க வேண்டும். 1999இல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களின் முன்பதிவு முறைகளும் ஒன்றாக இணைக்கப்பட்டன. 2002இல் இணையத்தின் வழியே வீட்டிலிருந்தே பதிவு செய்யும் வசதியும் வந்தது. செங்கற்பட்டு நிலையத்தில் நிற்பவரும், திருப்போரூரில் கைபேசியைக் கையில் வைத்திருப்பவரும், டெல்லியில் இருப்பவரும் அந்தக் கடைசி ஓர் இடத்தை ஒரே கணத்தில் கேட்கலாம். எனினும் அது ஒருவருக்கே போகிறது.

'ஒரே கணம்' என்றேனே, அதையும் சற்று ஆராய்வோம். மூவரும் துல்லியமாக ஒரே வினாடியில் பொத்தானை அழுத்தினாலும், செய்திகள் கம்பிகளின் வழியே வந்து சேரும்போது ஒன்றன்பின் ஒன்றாகவே வரிசைப்படுத்தப்படுகின்றன. யார் முந்தி அழுத்தினார் என்பதைவிட, யாருடைய செய்தி முந்தி வரிசையில் நின்றது என்பதே முடிவு செய்கிறது. இது நியாயமா என்று கேட்காதீர்கள். வரிசை என்ற ஒன்று இருப்பதே போதும். இடம் இருமுறை விற்கப்படாது.

வளையமும் எஃகுப் பந்தும்

பூட்டு என்னும் இந்த எண்ணமும் ரயில் பாதையோடு உறவுடையதுதான். ஒற்றைத் தண்டவாளம் உள்ள பாதையில் இரு நிலையங்களுக்கு இடையே எதிரெதிராக இரண்டு ரயில்கள் புகுந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. இதைத் தடுக்க நம் நாட்டு ரயில் பாதைகளில் நெடுங்காலம் பயன்பட்டது 'டோக்கன்' முறை. இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பட்ட இரண்டு கருவிகள் இருக்கும். அவற்றினுள் எஃகுப் பந்துகள். ஒரு நிலையத்தில் பந்தை எடுக்க வேண்டுமானால் மறு நிலையத்தார் ஒப்புதல் தரவேண்டும். ஒரு பந்து வெளியே எடுக்கப்பட்டுவிட்டால், அது மறுமுனையிலோ இதே முனையிலோ திரும்பப் போடப்படும்வரை வேறு எந்தப் பந்தும் வெளியே வராது. பந்தைப் பையில் வைத்துப் பெரிய வளையத்தில் கட்டி எஞ்சின் ஓட்டுநரிடம் தருவர். அந்த வளையம் கையில் இருந்தால்தான் அவர் பாதையில் நுழையலாம். வண்டி நிலையத்தில் நில்லாமல் போகும்போதும் ஓட்டுநர் கையை நீட்டி வளையத்தைப் பற்றிக்கொள்ளும் காட்சியை உங்கள் தாத்தா பாட்டியரைக் கேட்டால் சுவையாகச் சொல்வார்கள்.

1960களில் டச்சு நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, கணிப்பொறியில் பல வேலைகள் ஒரே பொருளுக்குப் போட்டியிடும்போது கையாள வேண்டிய ஒரு முறையை வகுத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'செமஃபோர்'. அதாவது ரயில் பாதையில் கை இறங்கி ஏறும் கைகாட்டி! கணிப்பொறி இயலின் பேரறிஞர் ஒருவர் தம் கருவிக்குப் பெயர் தேடி ரயில் பாதைக்குப் போனார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

நம் விரிதாளுக்கு வருவோம். ஒரே வலையில் பல கணிப்பொறிகள் இணைந்திருக்கும் அலுவலகத்தில், பொதுக் கோப்புறையில் உள்ள ஓர் எக்செல் கோப்பை நீங்கள் திறந்ததும், அதன் அருகே மறைவாக ஒரு சிறு கோப்பு தோன்றுகிறது. மூலக் கோப்பின் பெயருக்கு முன்னால் ஓர் அலைக்குறியும் ஒரு டாலர் குறியும் சேர்ந்தால் அதுவே இதன் பெயர். இதனுள்ளே திறந்தவரின் பெயர் இருக்கும். இதுதான் நம் எஃகுப் பந்து. இரண்டாமவர் அதே கோப்பைத் திறக்க முயன்றால், 'இன்னார் இதைப் பயன்படுத்திக் கொண்டிருக்கிறார். படிக்க மட்டும் திறக்கவா?' என்று மென்பொருள் கேட்கும். முதலாமவர் மூடியதும் சிறு கோப்பு மறைந்துவிடும். லிப்ரே ஆபீஸ் மென்பொருளிலும் இதே போன்ற பூட்டுக் கோப்பு உண்டு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரு குறைகள் உள்ளன. வேலையின் நடுவே மின்சாரம் போய்விட்டால் பூட்டுக் கோப்பு அழியாமல் தங்கிவிடும். ஆளில்லாத வீட்டுக்கு உள்தாழ் போட்டது போல, எவருமே திறந்திராத கோப்பு 'பயன்பாட்டில் உள்ளது' என்று சாதிக்கும். மற்றொரு குறை பெரியது. பூட்டு அந்தக் கோப்புறையில்தான் இருக்கிறது. பென் டிரைவில் நகலெடுத்துச் செல்பவரையும், மின்னஞ்சலில் இணைத்து அனுப்புபவரையும் அது கட்டுப்படுத்தாது. வளையம் வாங்காமல் வயல்வழியே வேறொரு தண்டவாளம் போட்டுக்கொண்டு போகிறவரை எந்த நிலைய அதிகாரி தடுக்க முடியும்? நான் செய்தது அதுதான்.

பூட்டாமலே காப்பது எப்படி?

பூட்டு என்றாலே பிறர் காத்திருக்க வேண்டும். ஒரு மதிப்பெண்ணைத் திருத்துவதற்காக முழு ஏட்டையும் ஒருவர் பிடித்து வைத்துக்கொள்வது, ஒரு வாளி நீருக்காகக் கிணற்றையே வளைத்துப் போடுவதற்கு ஒப்பாகும். எவ்வளவு சிறிய பகுதியைப் பூட்டுவது என்பது 1970களில் ஐபிஎம் நிறுவனத்தில் ஜிம் கிரே என்பவரும் அவருடைய தோழர்களும் ஆழ்ந்து ஆராய்ந்த கேள்வி. முழு ஏட்டையா, ஒரு நிரையையா, ஒரு கட்டத்தையா? பெரிதாகப் பூட்டினால் எளிமை, ஆனால் காத்திருப்பு மிகுதி. சிறிதாகப் பூட்டினால் காத்திருப்புக் குறைவு, ஆனால் ஆயிரம் பூட்டுகளைக் கணக்கு வைக்க வேண்டும். இத்துறையில் ஆற்றிய பணிக்காக 1998ஆம் ஆண்டின் டூரிங் விருது கிரேக்கு வழங்கப்பட்டது.

வேறொரு வழியும் உண்டு. அதற்குப் பூட்டே வேண்டாம். பதிப்பு எண் போதும். ஏட்டின் தலைப்பில் 'பதிப்பு 17' என்று எழுதியிருக்கிறது. நீங்கள் எடுத்துச் செல்லும் நகலிலும் 17. திரும்பக் கொண்டு வரும்போது மூலத்தைப் பாருங்கள். அது இன்னும் 17 என்றால் இடையில் எவரும் தொடவில்லை. உங்களுடையதை வைத்துவிட்டு 18 என்று எழுதுங்கள். மூலத்தில் 18 என்று இருந்தால் நில்லுங்கள்! யாரோ முந்திவிட்டார். இருவர் திருத்தங்களையும் ஒப்பிட்டுச் சேர்த்த பிறகே வைக்க வேண்டும். மோதல் அரிதாகத்தான் நிகழும் என்று நம்புகிறவர்களுக்கு ஏற்ற முறை இது. அன்று திங்கட்கிழமை நான் இந்த ஓர் எண்ணைப் பார்த்திருந்தால் போதும்.

இந்த எண்ணை மனிதர்கள் தாமாக வைத்துக்கொள்ள முயல்வதையும் பார்த்திருப்பீர்கள். 'மதிப்பெண் இறுதி', 'மதிப்பெண் இறுதி 2', 'மதிப்பெண் உண்மையான இறுதி' என்றெல்லாம் கோப்புகள் பெருகும். மூன்றில் எது கடைசி என்று மூவருக்கு மூன்று கருத்து இருக்கும். எண்ணைக் கணிப்பொறியே ஏற்றினால்தான் பயன்.

விரிதாளின் பிறப்பையும் இங்கே நினைவுகூர வேண்டும். அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்த டான் பிரிக்ளின், கரும்பலகையில் பேராசிரியர் ஒருவர் போட்ட அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கண்டார். எண்கள் தாமே மாறினால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்து, அவரும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய விசிகால்க் 1979இல் வெளிவந்தது. அது ஓடியது ஆப்பிள் 2 என்ற சிறு கணிப்பொறியில். ஒரு மேசை, ஒரு பொறி, ஒரு மனிதர். ஆம், விரிதாள் ஒருவருக்காகப் பிறந்த கருவி. பலர் சேர்ந்து எழுதும் வேலையை நாம் பின்னால் அதன் தலையில் ஏற்றினோம். தகராறின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

2006இல் கூகுள் நிறுவனம் இணையத்தில் இயங்கும் விரிதாளை வெளியிட்டது. இதில் அடிப்படையே வேறு. உங்கள் கணிப்பொறி முழு ஏட்டையும் திருப்பி அனுப்புவதில்லை. '12ஆம் நிரையில் இந்தக் கட்டத்தில் 18 என்று எழுது' என்ற கட்டளையை மட்டும் அனுப்புகிறது. என்னிடமிருந்து ஒளியியல் கட்டளைகள் போயிருக்கும். என் நண்பரிடமிருந்து மூன்று மின்னியல் கட்டளைகள் போயிருக்கும். இரண்டும் குளத்து அலைகளைப் போல ஒன்றையொன்று கடந்து சென்றிருக்கும். இன்று ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் வைத்த எக்செல் கோப்புகளையும் இவ்வாறே பலர் சேர்ந்து திருத்தலாம்.

ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. நான் 12ஆம் நிரையில் எழுதும் அதே வேளையில் நீங்கள் 5ஆம் நிரையை முழுமையாக நீக்கிவிடுகிறீர்கள் என்று கொள்வோம். உங்கள் கட்டளை முந்திச் சேர்கிறது. கீழுள்ள நிரைகள் எல்லாம் ஒன்று மேலேறுகின்றன. இப்போது '12ஆம் நிரையில் எழுது' என்ற என் கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் என்ன ஆகும்? அடுத்த மாணவரின் மதிப்பெண் கெட்டுவிடும்! ஆகவே கணிப்பொறி என் கட்டளையை '11ஆம் நிரையில் எழுது' என்று திருத்திக்கொள்ள வேண்டும். கட்டளைகளை இப்படிச் சூழ்நிலைக்கு ஏற்ப உருமாற்றும் முறையை எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் 1989இல் வெளியிட்டனர். நகரும் ரயிலிலிருந்து பார்க்கும் ஒரு பொருளின் நிலையை, நடைமேடையிலிருந்து பார்ப்பவருக்கு ஏற்ப மாற்றிக் கணக்கிடுகிறோம் அல்லவா? ஆயத்தொலைவு மாற்றம்தான், புதிய வேடத்தில் வந்திருக்கிறது.

இவ்வளவு செய்தும், இருவர் ஒரே கட்டத்தில் வெவ்வேறு எண்ணை எழுதினால் பிந்தியதே நிலைக்கும். அதைக் கணிப்பொறி தீர்த்துவைக்க முடியாது. 16 சரியா, 18 சரியா என்பது விடைத்தாளுக்குத்தான் தெரியும். ஆயினும் இணைய விரிதாளில் முந்தைய பதிப்புகள் நேர வாரியாகச் சேமிக்கப்படுகின்றன. யார் எப்போது எதை மாற்றினார் என்று பின்னோக்கிச் சென்று பார்க்கலாம், பழைய நிலையை மீட்கலாம். ஒவ்வோர் ஆசிரியரும் தத்தம் நிரலை மட்டுமே திருத்தலாம் என்று பகுதிகளுக்குக் காப்பு விதிக்கவும் இயலும். எங்கள் துறையில் இப்போது அவ்வாறே செய்திருக்கிறோம்.

எந்தப் பூட்டும் தடுக்காத ஓர் ஆபத்தையும் எச்சரித்து விடுகிறேன். பெயர் நிரலை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்துவது! பெயர்கள் இடம் மாறும். மதிப்பெண்கள் பழைய இடத்திலேயே நிற்கும். ஒரு சொடுக்கில் 60 மாணவர்களும் ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் பெற்றுவிடுவர். கூட்டுத்தொகை மாறாது, சராசரி மாறாது. எந்தச் சோதனையிலும் பிடிபடாது. என் ஒரு கோப்புப் பிழையைவிட இதையே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

உண்டியல் முறை

பூட்டும் வேண்டாம், பதிப்பு எண்ணும் வேண்டாம் என்ற மூன்றாவது வழி, எங்கள் ஊர்க் கோயிலிலேயே இருக்கிறது. உண்டியலைப் பாருங்கள். கிருத்திகை நாளில் நூறு பேர் நெருக்கியடித்துக் காணிக்கை போடுகிறார்கள். ஒருவர் போட்டது மற்றவர் போட்டதை அழிப்பதுண்டா? போடலாம், எடுக்கவோ மாற்றவோ முடியாது. 2024 டிசம்பரில் திருப்போரூர் உண்டியலில் ஒரு பக்தரின் ஐபோன் தவறி விழுந்துவிட, உண்டியலில் விழுந்தது சுவாமிக்கே உரியது என்று நிருவாகத்தார் சொன்ன செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. கணிப்பொறியாளர் பாஷையில் சொன்னால், அது 'சேர்க்க மட்டும்' இயலும் ஏடு.

வில்லங்கச் சான்று இந்த வகையைச் சேர்ந்ததே. ஒரு மனை கைமாறினால் பழைய பதிவை அழித்து எழுதுவதில்லை. புதிய பத்திரம் அடுத்த வரியாகச் சேர்கிறது. பழைய வரிகளும் நிற்கின்றன. நல்ல கணக்கரும் தவறாக எழுதிய தொகையைச் சுரண்டி அழிக்கமாட்டார். எதிர்ப்பதிவு ஒன்றைப் போட்டு நேர் செய்வார். மதிப்பெண் ஏட்டையும் இவ்வாறு அமைக்கலாம். 'இந்த மாணவி, இந்தச் சோதனை, 18, சனிக்கிழமை 11 மணி, எழுதியவர் இன்னார்' என்று ஒவ்வொரு திருத்தமும் ஒரு புதிய நிரை. தற்போதைய மதிப்பெண் எது என்பதை, ஒவ்வொருவருக்கும் கடைசி நிரையைத் தேடிக் கணிப்பொறியே தொகுத்துத் தரும். ஏடு நீளும் என்பது உண்மைதான். ஆனால் இன்றைய கணிப்பொறிக்கு அது ஒரு பொருட்டன்று. அந்த மாணவியின் பதிவேடும் இதே வகைதான் என்பதைக் கவனித்தீர்களா? மையால் எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்ட பக்கத்தை எவராலும் சத்தமின்றி மாற்றிவைக்க முடியவில்லை.

செய்து பாருங்கள்

பள்ளியில் கணிப்பொறி இல்லாவிட்டாலும் இச்சோதனையைச் செய்யலாம். கரும்பலகையில் 10 என்று எழுதுங்கள். மூன்று நண்பர்கள் வாருங்கள். ஒவ்வொருவரும் பலகையில் உள்ள எண்ணைப் படித்து, வகுப்பின் பின்மூலைக்குச் சென்று, அதனுடன் 5 கூட்டி, திரும்பி வந்து பழைய எண்ணை அழித்து விடையை எழுத வேண்டும். மூவரும் ஒன்றாகப் புறப்பட்டால் பலகையில் கடைசியில் நிற்பது என்ன? 25 வரவேண்டிய இடத்தில் 15 நிற்கும். இரண்டு பேருடைய உழைப்பு மாயமாயிற்று.

இப்போது ஒரே ஒரு சாக்பீஸை மேசைமேல் வையுங்கள். அதைக் கையில் வைத்திருப்பவரே பலகையைப் பார்க்கவும் எழுதவும் உரிமையுடையவர் என்று விதி செய்யுங்கள். 25 தவறாமல் வரும். ஆனால் முன்பைவிட எவ்வளவு நேரம் கூடுகிறது என்று கடிகாரத்தால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, சாக்பீஸ் விதியை நீக்கிவிட்டுப் பலகை மூலையில் பதிப்பு எண் எழுதும் முறையைக் கையாளுங்கள். எண் மாறியிருந்தால் திரும்பப் படித்து, மீண்டும் மூலைக்கு ஓட வேண்டும். இப்போது எவ்வளவு நேரம்? நண்பர்கள் மூவராக இல்லாமல் பத்துப் பேராக இருந்தால் எந்த முறை வெல்கிறது? முன்கூட்டியே ஊகித்துவிட்டுப் பிறகு செய்யுங்கள், சுவை அதிகம்.

இறுதியாக ஒரு புதிர். ஓர் அறையில் இரண்டு ஏடுகள்: வருகைப் பதிவேடு, மதிப்பெண் ஏடு. எழுதுகிறவர் இரண்டையும் கையில் வைத்திருந்தால்தான் வேலை முடியும். முதல் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மதிப்பெண் ஏட்டுக்குக் காத்திருக்கிறார். இரண்டாமவர் மதிப்பெண் ஏட்டை எடுத்துக்கொண்டு வருகைப் பதிவேட்டுக்குக் காத்திருக்கிறார். கையில் உள்ளதை இருவரும் விடுவதாக இல்லை. மாலை ஆகிறது, மணி அடிக்கிறது, இருவரும் அங்கேயே நிற்கிறார்கள். மூன்றாவது ஆள் எவரையும் நடுவராக வைக்காமல், ஒரே ஒரு விதியை முன்கூட்டியே வகுத்து இந்த நிலை ஒருபோதும் வராமல் தடுக்கலாம். அந்த விதி என்ன? ஏடுகளை அவர்கள் எந்த வரிசையில் எடுத்தார்கள் என்பதை மட்டும் உற்றுக் கவனியுங்கள்.